நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய மரச்சாமான் வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். விலை கேட்டுக் கடிதம் வரும் என்று பார்த்தால், "இது எந்த ஸ்டைல்?" என்று போட்டோ போட்டோவாக வந்து குவிந்திருக்கிறது. போட்டோவில் இருப்பதில் பெரும்பாலானவை 1890-க்கும் 1940-க்கும் நடுவில் ஐரோப்பாவில் பிறந்த டிசைன்களின் பேரன் பேத்திகள். அதனால் சமையல் அடுப்பு, செப்டிக் டேங்க் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆர்ட் நூவோ, ஆர்ட் டெக்கோ, பௌஹவுஸ் என்று என் மகள் இன்டீரியர் டிசைன் படிப்பில் மண்டையை உடைத்துக்கொள்கிறாள். எல்லாம் ஏறக்குறைய ஒரே காலம். தேதியை மனப்பாடம் செய்கிறாள், மறுநாள் மறந்துவிடுகிறாள். சுலபமாகப் பிரித்துப் பார்க்க வழி உண்டா?
— வாசகி, சாயிநாதபுரம், வேலூர்

பதில்: தேதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் அம்மா. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, கட்டைகள் சேரும் மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

என் அப்பா வேலப்பாடியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலிக்கு அடியில் கையை விட்டு ஒரு தடவு தடவுவார். அம்மாவுக்கு மானம் போகும். ஆனால் இரண்டு கட்டை சேருகிற இடத்தில் செய்தவன் என்ன செய்திருக்கிறான் என்பதுதான் அவன் எந்தக் கட்சி என்று காட்டிக்கொடுக்கும். பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க நானும் பிள்ளைகளுக்கு அந்த வழியைத்தான் காட்டினேன்.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற வடிவமைப்பாளரின் வட்டாரத்திலிருந்து தொடங்குவோம். ஆர்ட்ஸ் அண்டு கிராஃப்ட்ஸ் என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி. மெஷினில் செய்து தள்ளும் சாமான்களைக் கண்டால் இவர்களுக்கு ஆகாது. குறுக்குச் சட்டத்தின் நாக்கைக் காலில் போட்ட துளைக்குள் செருகி, மறுபக்கம் கொஞ்சம் வெளியே நீட்டவிட்டு, மரஆணி ஒன்றை அடித்துவிடுவார்கள். "கையால் செய்தேன், நன்றாகப் பார்த்துக்கொள்" என்று மூட்டே பேசும். அமெரிக்காவில் குஸ்தாவ் ஸ்டிக்லி இதையே ஓக் மரத்தில் செய்து விற்றார்.

ஆர்ட் நூவோவில் மூட்டைத் தேடினாலும் அகப்படாது. பிரஸ்ஸல்ஸில் விக்டர் ஹோர்ட்டா 1893-ல் கட்டிய டாஸெல் வீட்டு மாடிப்படியின் படம் ஒன்றைப் பார்த்தால் போதும். இரும்புத் தூணில் கிளம்பும் கொடி கைப்பிடிக் கம்பியில் ஏறி, சுவர் ஓவியத்தில் புகுந்து, தரை மொசைக்கில் வந்து இறங்கும். எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. பாரிஸ் மெட்ரோ வாசல்களுக்கு ஹெக்டர் கிமார் 1900-ல் வார்ப்பிரும்பில் செய்த பச்சைத் தண்டுகளும் இதே ரகம். நாற்காலியிலும் அப்படித்தான். கை வைக்கும் கட்டை காலிலிருந்தே முளைத்து வந்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அந்த வளைவு வேண்டுமென்றால் பருமனான கட்டையை எடுத்துப் பெரும்பகுதியைச் செதுக்கித் தள்ள வேண்டும். மரமும் வீண், கூலியும் எக்கச்சக்கம். பணக்காரர் வீட்டைத் தாண்டி இந்த நாற்காலி நடக்கவே இல்லை. மலிவுப் பதிப்புகள் வந்து மானத்தை வாங்கின. முதல் உலகப் போர் வருவதற்குள் மோகம் அடங்கிவிட்டது.

பரீட்சையில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதே வருடங்களில் வியன்னாவிலும் கிளாஸ்கோவிலும் கோடு நிமிர்ந்துவிட்டது. கிளாஸ்கோவில் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ், ஏணியைச் சாத்திவைத்த மாதிரி உயர்ந்த முதுகுடைய நாற்காலிகளைச் செய்துகொண்டிருந்தார். வியன்னாவில் யோசஃப் ஹோஃப்மன், கோலோமன் மோசர் இருவரும் 1903-ல் வீனர் வெர்க்ஷ்டெட்டே என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். எங்கு பார்த்தாலும் கட்டம், கட்டம், கட்டம். ஹோஃப்மன் 1907-ல் ஒரு காபரே அரங்குக்குச் செய்த நாற்காலியில் காலும் இருக்கையும் சேரும் மூலையில் சின்ன மர உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். அழகுக்கு வைத்த குமிழ் என்று தோன்றும். உண்மையில் மூட்டு ஆடாமல் பிடித்துக்கொள்வதே அதுதான். அப்பா பார்த்திருந்தால் ஒரு கும்பிடு போட்டிருப்பார்.

ஆர்ட் டெக்கோவில் மூட்டு போர்வைக்குள் இருக்கும். 1925-ல் பாரிஸில் அலங்காரக் கலைகளுக்கு நடந்த பெரிய கண்காட்சிதான் இதன் திருவிழா. ஆர்ட் டெக்கோ என்ற பெயர் பரவலானது 1960-களில்தான். ருல்மான் என்ற பாரிஸ்காரர் செய்த பீரோவில் கருங்காலி வெனீரை, அதாவது மெல்லிய மரத்தகட்டை, முகம் பார்க்கிற அளவுக்கு ஒட்டி இழைத்து, ஓரத்தில் தந்தம் பதித்திருப்பார். அடியில் என்ன மரம், எப்படிச் சேர்த்தான் என்று தெரியக்கூடாது என்பதே அங்கே பெருமை.

இதற்கு நேர் எதிர்க்கட்சி ஹாலந்தின் டி ஸ்டைல். 1917-ல் தியோ வான் டூஸ்பர்க் நடத்திய பத்திரிகையை ஒட்டித் திரண்ட கூட்டம் அது. ஓவியர் மோண்ட்ரியன் அதில் இருந்தார். தச்சர் மகனான ரீட்வெல்டும் இருந்தார். ரீட்வெல்டின் சிவப்பு-நீல நாற்காலியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எல்லாமே மில்லில் அறுத்த சாதாரண ரீப்பர்கள். ஒரு ரீப்பர் இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். பக்கவாட்டில் ஒட்டி உள்ளே மரமுளை வைத்து இணைத்திருப்பார். சட்டமெல்லாம் கறுப்பு, வெட்டுமுகம் மட்டும் மஞ்சள். "இங்கே அறுத்தேன்" என்று பெயின்ட் அடித்துச் சொன்ன ஆள் இவர் ஒருவர்தான்! நாற்காலி 1918 வாக்கில் செய்தது. நிறம் அடித்தது சில வருடம் கழித்து.

பௌஹவுஸுக்கு வந்தால் மூட்டே காணாமல் போய்விடும். ஒரே குழாயை வளைத்து வளைத்துக் காலும் கையும் முதுகுமாக்கிவிட்டார்கள். அந்தக் கதை கீழே இராணிப்பேட்டைக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், மகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா வீட்டுக் கேட்டில் இரும்புப் பட்டையில் பாதிச் சூரியனும் கதிர்களும் இருக்கின்றன. மாடிக் கைப்பிடிச் சுவரில் 1941 என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கிறது. தாத்தா தி.மு.க. என்கிறார் சித்தப்பா. இல்லவே இல்லை என்கிறார் அப்பா. நடுவில் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் விலை பேசுகிறார். கொடுத்துவிடலாமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: இரும்புக்காரரை முதலில் அனுப்பிவிடுங்கள். சித்தப்பாவிடம், கட்சி தொடங்கியதே 1949-ல்தான் என்று சொல்லுங்கள். தாத்தா பிற்பாடு சேர்ந்தாரா என்பதற்கு கேட் சாட்சிக்கு வராது.

உதிக்கும் சூரியன் ஆர்ட் டெக்கோ காலத்தின் செல்லப்பிள்ளை. நியூயார்க்கில் 1930-ல் முடிந்த கிரைஸ்லர் கட்டிடத்தின் தலையைப் பாருங்கள். அரைவட்டத்துக்குள் அரைவட்டமாக, முக்கோண ஜன்னல்களோடு, சூரியக் கதிர்தான் கிரீடம். இவ்வளவு தூரம் அது பரவியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் பட்டறைக் காரணம். ஆர்ட் நூவோ கொடியை இரும்பில் வளைக்க வித்தைக்காரக் கொல்லர் வேண்டும். சூரியனுக்கு ஒரே ஓர் அரைவட்டம் வளைத்தால் போதும், மீதியெல்லாம் நேர்ப்பட்டையை அளந்து நறுக்குவதுதான். எந்த ஊர் பட்டறையிலும் இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

நம் நாட்டில் இந்த பாணியின் தலைநகரம் பம்பாய். மரைன் டிரைவிலும் ஓவல் மைதானத்தின் மேற்கு வரிசையிலும் அடுக்கடுக்காக நிற்கிறது. எதிரே உள்ள விக்டோரியா காலக் கட்டிடங்களோடு சேர்த்து 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சென்னையில் பாரிமுனையில் 1940-ல் கட்டிய டேர் ஹவுஸ் இருக்கிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணாந்து பாருங்கள். பிறகு வாலாஜா, ஆற்காடு, வேலூர் பழைய தெருக்களில் நடந்தால் அதன் சில்லறைக் காசுகள் கண்ணில் படும். படிக்கட்டாக ஏறி இறங்கும் கைப்பிடிச் சுவர், மூலையைச் சுற்றி வளைந்து போகும் சன்ஷேட், அதற்கு மேல் இணையாக ஓடும் மூன்று வரி, கப்பலில் இருப்பது போன்ற வட்ட ஜன்னல், மாடிப்படிக்கு மேலே நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிப் பட்டை. பழைய சினிமாக் கொட்டகைகளின் முகப்பும் இதுதான்.

ஒரு வேலை செய்யுங்கள். கதிர் வந்து சட்டத்தில் சேரும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். ரிவெட் அடித்திருந்தால் 1941-க்குப் பொருத்தம். வெல்டிங் உருகி வழிந்த தடம் இருந்தால் கேட் பின்னால் மாட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். அப்பா, சித்தப்பா இருவருக்கும் பிடித்த நிறமாகப் பார்த்து அடியுங்கள். அதுதான் கஷ்டமான பகுதி.

கேள்வி: எங்கள் கம்பெனியின் பழைய ஆபீஸ் அறையில் வளைத்த ஸ்டீல் குழாயில் செய்த நாற்காலி ஒன்று கிடக்கிறது. பின்னங்காலே கிடையாது. இருக்கையும் முதுகும் பிரம்பு. உட்கார்ந்தால் லேசாக ஆடும். ஸ்டோர் கீப்பர் ஸ்கிராப் என்கிறார். பௌஹவுஸ் ஒரிஜினலாக இருக்குமா சார்?
— வாசகர், இராணிப்பேட்டை

பதில்: ஒரிஜினல் என்று நம்பி மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிடாதீர்கள். இந்த மாதிரியை உலகம் பூராவும் காப்பி அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் வம்சம் நல்ல வம்சம்.

பௌஹவுஸ் என்பது 1919-ல் வால்டர் குரோபியஸ் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பள்ளி. 1925-ல் டெஸ்ஸாவுக்கு மாறியது. கடைசியில் பெர்லினுக்குப் போய், நாஜிகள் நெருக்கியதில் 1933-ல் மூடப்பட்டது. பதினான்கே வருடம். அங்கே மாணவராகச் சேர்ந்து மரவேலைப் பட்டறைக்குத் தலைவரானவர் மார்செல் பிராயர். டெஸ்ஸாவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஹேண்டில்பாரைப் பார்த்து யோசித்தார்: இந்தக் குழாயை இப்படி வளைக்க முடிந்தால் நாற்காலிக்கு ஏன் வளைக்கக் கூடாது? 1925-ல் குழாயும் துணிப்பட்டையுமாக முதல் நாற்காலி வந்தது. அதற்கு வாஸிலி என்ற பெயர் வெகுகாலம் கழித்து ஓர் இத்தாலியக் கம்பெனி வைத்தது.

பின்னங்காலைக் கழற்றி எறிந்தவர் பிராயர் இல்லை, மார்ட் ஸ்டாம் என்ற டச்சுக்காரர். 1926-ல் கேஸ் குழாய்த் துண்டுகளை எல்போ போட்டு மூலைக்கு மூலை முடுக்கி ஒரு மாதிரி செய்தார். பிளம்பர் வேலைதான்! அடுத்த வருடம் ஷ்டுட்கார்ட் வீட்டுக் கண்காட்சியில் அவருடையதும் ஜெர்மன் கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ செய்ததும் அருகருகே வந்தன. யார் முதலில் என்று வழக்கு நடந்து, நேர்க்கால் வைத்த வடிவத்துக்கு உரிமை ஸ்டாமுக்கே என்று ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஸ்டாமின் முதல் நாற்காலிகள் விறைப்பானவை, ஆடாது. குழாயின் ஸ்பிரிங் தன்மையை வைத்து உட்காருபவரை மெதுவாக ஏந்த வைத்தது மீஸும் பிராயரும். உங்களுடையது ஆடுகிறது, பிரம்பும் இருக்கிறது என்றால் பிராயர் 1928-ல் செய்த மாதிரியின் வாரிசு. அதைத் தயாரித்தது தோனெட் கம்பெனி.

தோனெட் என்றதும் நிற்கிறேன், ஏனென்றால் வளைத்த நாற்காலிக்கெல்லாம் பாட்டன் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய தோனெட்தான். பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து 1859-ல் வெளியிட்ட 14-ஆம் நம்பர் நாற்காலி ஆறே மரத்துண்டு, பத்துத் திருகாணி. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போய்விடும். குழாய் நாற்காலிக்காரர்கள் தங்களைப் புரட்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டார்கள். புரட்சி அறுபது வருடம் முன்பே காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டது என்பது என் கட்சி.

ஸ்டோர் கீப்பரிடம் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். முன்பக்கம் தரையில் வளையும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். மொத்தப் பாரமும் அங்கேதான் விழுகிறது. குழாய் சரியாக இருந்தால் பிரம்பை மறுபடி பின்னிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் முதுகுக்குக் காற்று வரும் நாற்காலி நம் ஊருக்கு இதைவிடக் கிடையாது.

கேள்வி: அலங்காரம் செய்வதே குற்றம் என்று ஒருவர் சொன்னாராமே? நாங்கள் ஷூவில் பூ பூவாகத் துளை போட்டுத்தான் பிழைக்கிறோம்!
— வாசகர், ஆம்பூர்

பதில்: ஆம்பூர்க்காரர் கேட்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அடால்ஃப் லூஸ் என்ற வியன்னாக் கட்டிடக் கலைஞர் 1910-ல் பேசிய பேச்சு அது. பின்னால் வந்த வெள்ளைச் சுவர் கட்டிடக்காரர்கள் எல்லோருக்கும் வேதமாகிவிட்டது. வேதம் என்றால் தெரியுமே, மேற்கோள் காட்டுபவர்கள் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். அதே பேச்சில் ஷூ வருகிறது.

லூஸ் தன் ஷூ தைப்பவரிடம் போகிறார். "ஒரு ஜோடிக்கு முப்பது குரோனன் கேட்கிறீர், நான் நாற்பது தருகிறேன்" என்றால் அந்த மனிதர் சந்தோஷத்தில் மிதப்பார், நல்ல தோலாகப் பார்த்து, பத்து மடங்கு சிரத்தையாகத் தைப்பார். உடனே, "ஒரு நிபந்தனை, துளை, வேலைப்பாடு எதுவும் கூடாது, வழவழவென்று இருக்கட்டும்" என்றால்? அவரைச் சொர்க்கத்திலிருந்து பாதாளத்தில் தள்ளிய மாதிரி ஆகிவிடும். வேலை குறைகிறது, காசு கூடுகிறது, ஆனால் அவருடைய ஒரே சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டோம். அதனால் துளை போட்ட ஷூவையே போட்டுக்கொள்கிறேன் என்கிறார் லூஸ். ஆகவே துளை போடுங்கள், குரு வாக்கே உங்கள் பக்கம்.

இன்னொன்று. அந்தப் பேச்சில் பச்சை குத்திக்கொள்கிறவர்களைக் காட்டுமிராண்டி, குற்றவாளி என்றெல்லாம் ஏசுகிறார். என் பாட்டியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சைதான், கோலமும் தேளுமாக. அந்தப் பகுதி ஐரோப்பியத் திமிர், அவ்வளவுதான். அவர் கட்டிய கட்டிடத்தைப் பார்த்தால் ஆள் அப்படியொன்றும் சந்நியாசி இல்லை என்று தெரியும். வியன்னா அரண்மனைக்கு எதிரே அவர் கட்டியதில் மேல்மாடிகள் மொட்டைச் சுவர். ஊரே "புருவம் இல்லாத வீடு" என்று சிரித்தது. நகராட்சி வேலையை நிறுத்தி, கடைசியில் ஜன்னலுக்குப் பூத்தொட்டி வைத்துச் சமாதானம் ஆனது. ஆனால் கீழ்த்தளம் முழுக்க அலை அலையாக ரேகை ஓடும் பச்சைப் பளிங்கு, கிரேக்க நாட்டிலிருந்து வந்தது. செதுக்கல் வேண்டாம், விலையுயர்ந்த கல் வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. காசுள்ளவன் கட்டும் எளிமை.

கேள்வி: மக்கன் பேடா எந்த ஸ்டைல்?
— வாசகர், ஆற்காடு

பதில்: வெளியே ஒன்றும் இல்லாத உருண்டை, உள்ளே கடித்தால் முந்திரியும் பாதாமும். மேலே சொன்ன லூஸ் கட்சி.

கேள்வி: நாங்கள் கைத்தறிக் குடும்பம். பௌஹவுஸ் பற்றி எதைப் படித்தாலும் நாற்காலி, கட்டிடம், ஆம்பளைங்க பேருதான் வருது. நெசவு இருந்ததா, இல்லையா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: இருந்தது. வெளியே விற்றுக் காசு பார்த்த பட்டறைகளில் அதுவும் ஒன்று. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது என்று குரோபியஸ் தொடக்கத்தில் அறிவித்தார். பெண்கள் எதிர்பாராத அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். உடனே நிர்வாகத்துக்குப் பயம் வந்து, வந்தவர்களையெல்லாம் தறிப் பக்கம் திருப்பிவிட்டது. ஆன்னி ஆல்பர்ஸ் கண்ணாடிப் பட்டறையில் சேர நினைத்து நெசவுக்கு வந்தவர். மரியான் பிராண்ட் மட்டும் உலோகப் பட்டறையில் நுழைந்துவிட்டார். ஆரம்பத்தில் சலிப்பான வேலையாகப் பார்த்துக் கொடுத்து, சின்னச் சின்ன அரைக்கோளங்களைத் தட்டித் தட்டிச் செய்ய வைத்தார்களாம். அவர் 1924-ல் செய்த டீ கெட்டில் இன்று பள்ளியின் அடையாளச் சின்னங்களில் ஒன்று.

நெசவின் தலைவி குன்டா ஷ்டோல்ட்ஸ்ல். மாணவியாக வந்து, டெஸ்ஸாவில் அந்தப் பட்டறைக்கே பொறுப்பாளரானார். சாயம் போடுவதை வெளியே போய்க் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். யூதரைக் கல்யாணம் செய்துகொண்டவர். 1931-ல் பள்ளிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி வெளியேற வேண்டிவந்தது. ஸூரிக் போய்க் கைத்தறிப் பட்டறை வைத்துப் பிழைத்தார். இன்னொருவர் ஓட்டி பெர்கர், துணிக்குக் காப்புரிமை வாங்கும் அளவுக்கு நுணுக்கமானவர். 1944-ல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

உங்களுக்கு ஆர்வம் தரக்கூடிய துணி ஒன்றைச் சொல்கிறேன். பெர்லினை அடுத்த பெர்னாவில் தொழிற்சங்கப் பள்ளி ஒன்றைப் பௌஹவுஸ்காரர்கள் கட்டினார்கள். கூட்ட அரங்கில் பேசினால் எதிரொலி. சுவரில் மாட்ட ஆன்னி ஆல்பர்ஸ் ஒரு துணி நெய்தார். ஒரு முகத்தில் செலோஃபேன் இழை, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மறுமுகத்தில் ஷெனீல் நூல், சத்தத்தைக் குடித்துவிடும். டிப்ளமோவுக்கு அவர் கொடுத்த வேலை அதுதான். பூ இல்லை, கரை இல்லை. துணி எதற்கு என்று கேட்டுவிட்டு நூலைத் தேர்ந்தெடுத்தார்.

மேலே நாற்காலிக்கு மூட்டைப் பார்க்கச் சொன்னேன். துணியில் பாவும் ஊடும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடமும் மூட்டுதான். அதனால்தான் டி ஸ்டைல்காரர்கள் சண்டை போட்டுப் பிடித்த நேர்கோடும் செங்கோணமும் தறிக்காரருக்குப் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் லுங்கிக் கட்டத்துக்கு இழை எண்ணிக் கணக்குப் போடுகிறவர் யாரோ, அவரிடம் ஷ்டோல்ட்ஸ்ல் கிராஃப் தாளில் போட்ட டிசைன்களைக் காட்டுங்கள். நான் சொல்வதைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

கேள்வி: இதெல்லாம் நம் நாட்டுக்கு எப்போது வந்தது? சண்டிகர்தான் முதலா?
— வாசகர், ஆரணி

பதில்: லே கொர்பூசியே என்ற சுவிஸ்-பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் வடிவமைத்த சண்டிகர் 1950-களில். அதற்கு வெகு முன்பே வாசலைத் தட்டியாயிற்று. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் பௌஹவுஸ் ஆசிரியர்களான கிளே, காண்டின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோரின் படங்கள் நம் ஓவியர்களின் படங்களோடு தொங்கின. ஏற்பாட்டில் கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷுக்குப் பங்கு உண்டு. பள்ளி பிறந்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. 1930-களில் இந்தோர் மகாராஜா மாணிக் பாக் அரண்மனையை ஜெர்மன்காரரான எக்கார்ட் மூத்தேசியஸை வைத்துக் கட்டினார். உள்ளே ருல்மான் சாமான்கூட இருந்தது.

ஆனால் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி பணம் வாங்கித்தந்ததால் அந்தப் பெயர். டோக்கியோவில் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் வேலை பார்த்த ஆன்டனின் ரேமண்ட் வரைந்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாமரும் கூடவே இருந்து கட்டினார்கள். 1930-களின் கடைசியில் தொடங்கி 1940-களில் முடிந்த முழு கான்கிரீட் கட்டிடம். முகப்பில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. வடக்கு, தெற்கு இரண்டு முகத்திலும் மேலிருந்து கீழ் வரை படுக்கைவாட்டில் பலகைகள், ஷட்டர் மாதிரி திருப்பிக்கொள்ளலாம். மழைக்கு மூடலாம், காற்றுக்குத் திறக்கலாம், வெயிலுக்குச் சாய்க்கலாம். அறைக் கதவு தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவு, மூடினாலும் காற்று நிற்காது. மின்விசிறி இல்லாமலே மதியம் உட்கார முடிகிறது. அங்கே இப்போதும் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள், அதனால் ஆசிரமத்தில் முன்கூட்டி அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். சத்தமாகப் பேசாதீர்கள்.

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் வீடு கட்டப்போகிறோம். மொட்டை வெள்ளைப் பெட்டி, சன்ஷேட் கூடாது, சுவருக்குச் சுவர் கண்ணாடி, அதுதான் மாடர்ன் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான்.
— வாசகர், காட்பாடி

பதில்: அவன் கேட்பது மேலே சொன்ன லே கொர்பூசியே வீடு. பாரிஸுக்குப் பக்கத்தில் 1931-ல் முடிந்த வில்லா சவாய் அந்த ரகத்தின் தாய்வீடு. தூண் மேல் தூக்கிய தளம், மொட்டை மாடித் தோட்டம், தூண்களே பாரம் தாங்குவதால் இஷ்டப்படி வைக்கும் உள்சுவர், முகப்பில் நீளமாக ஓடும் ஜன்னல். கீழ்த்தளச் சுவரின் வளைவு, கார் திரும்பும் வட்டத்துக்குத் தகுந்தபடி போட்டது. இன்று நீங்கள் ஸ்டில்ட் பார்க்கிங் என்று சொல்வதன் மூதாதை. அந்த வீட்டு அம்மா கட்டிடக்காரருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மழை வந்தால் ஹாலில் ஒழுகுகிறது, மாடிக்கு ஏறும் சாய்தளத்தில் ஒழுகுகிறது என்று ஒரே புலம்பல்.

அதே மனிதர் நம் நாட்டுக்கு வந்து என்ன செய்தார் என்று மகனிடம் கேளுங்கள். சண்டிகர் உயர்நீதிமன்றத்தின் முகத்தில் ஆழமான கான்கிரீட் கட்டங்களை வைத்தார், மேலே இன்னொரு கூரையைக் குடையாகக் கவிழ்த்தார். வெயில் அவரையே சன்ஷேட் போட வைத்துவிட்டது.

நம் ஊர்க் கணக்கு இது. வேலூர் வட அட்சரேகையில் ஏறக்குறைய 13-ஆம் டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தெற்கே சுமார் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னல் நாலடி உயரம் என்றால் அதை முழுதாக நிழலில் வைக்க மூன்றடி சன்ஷேட் வேண்டும். இரண்டடி போட்டால் இரண்டே முக்கால் அடிவரை நிழல், அது போதும், அப்போது குளிர்காலம்தானே. ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால் வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று இன்ஜினீயர் சொன்னால் நம்பாதீர்கள். அங்கே ஓரடி நீட்டினால்கூட நடுப்பகலுக்குச் சரியாகிவிடும்.

வில்லன் மேற்கு. மே மாதம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், நாலு மணி வெயில் சரிந்து வரும்போது எத்தனை அடி சன்ஷேட் போட்டாலும் அதற்குக் கீழே புகுந்து வந்துவிடும். அங்கே கண்ணாடிச் சுவர் வைத்தால் ஏ.சி. பில்லை மகன் கட்டட்டும். கண்ணாடி ஆசையை வடக்கில் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேற்குப் பக்கம் படிக்கட்டையும் குளியலறையையும் கொண்டுபோய் வையுங்கள். படிக்கட்டுச் சுவரில் மட்டும் வாலாஜா வீடுகளில் இருப்பது போல் ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில் நெட்டுக்குத்தாகக் கண்ணாடிப் பட்டை ஒன்று விடலாம். மாடர்னாகவும் இருக்கும், படி ஏறுகிறவர் அரை நிமிஷத்துக்கு மேல் அங்கே நிற்கவும் மாட்டார்.